லேகிங் வேலை கற்றுக்கொண்ட இரண்டு ஆண்டுகள்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவை முடித்துவிட்டு ஈரோட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக்காப்பு செய்யும் ஓர் ஒப்பந்ததாரரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூரைச் சுற்றியும் சாயப்பட்டறைகள் ஓடும் வரை இந்த வேலைக்குக் குறைவிராது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். ரசீதில் இன்சுலேஷன் என்று எழுதினாலும், தொழிலில் இருப்பவர்களுக்கு இது லேகிங். குழாயில் பஞ்சைச் சுற்றித் தகடு அடிப்பதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

முதல் நான்கு மாதங்கள் ராக்வூல் என்னும் கல்பஞ்சை அறுப்பதும் சுமப்பதுமாகவே கழிந்தன. அதன் நுண்ணிழைகள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறி அரிக்கும். சொறியாமல், துண்டால் தேய்க்காமல், பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதே நான் கற்ற முதல் பாடம். 50 மி.மீ. பஞ்சை இழுத்துப் பிடித்து ஜி.ஐ. கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, நேர்த்தியாக முடித்ததாக நினைத்து நான் நின்றபோது, மேஸ்திரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இப்படி நசுக்கிக் கட்டினா காத்து எங்க கண்ணு நிக்கும்? சூட்டத் தடுக்கறதே அந்தக் காத்துதான்” என்றார். 7 பார் அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 170 டிகிரி இருக்கும். இரண்டு அடுக்காகப் போடும்போது, கொத்தனார் செங்கல் இணைப்புகளை மாற்றி வைப்பதைப்போல பஞ்சின் மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் வைக்காவிட்டால், வெப்பம் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும்.

உண்மையில் என்னைத் திணறடித்தது தகடுதான். நேர்க்குழாய்க்குக் கணக்கு எளிது: 114 மி.மீ. குழாயின் மேல் இருபுறமும் 50 மி.மீ. பஞ்சு சேர்ந்தால் 214. அதன் சுற்றளவு 672, அதற்கு மேல் ஏறுமடிப்புக்கு 50. ஆனால் வளைவுக்கு அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, நண்டின் ஓடுபோல அடுக்க வேண்டும். வட்டத்தை 12 பாகமாக்கி, ஒவ்வொரு பாகத்தின் உயரத்தையும் தகட்டில் குறித்து, புள்ளிகளைச் சேர்த்தால் ஓர் அலைக்கோடு வரும். வளைவின் முதுகுப் பக்கத்தில் அகலமாகவும் வயிற்றுப் பக்கத்தில் ஒடுக்கமாகவும் அமையும் துண்டுகளின் ரகசியம் அந்த அலையில்தான் இருக்கிறது. மடிப்புக்கு இடம் விட மறந்து நான் வெட்டிய முதல் வளைவு, துண்டுக்குத் துண்டு விரலளவு வாயைப் பிளந்து நின்றது. பிறகு பல இரவுகள் காலண்டர் அட்டையில் வெட்டிப் பழகினேன்; ஐ.டி.ஐ.யில் தூங்கி வழிந்த வரைபட வகுப்புகளுக்கான வட்டியை அங்கே கட்டினேன்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் பெரிய தவறு செய்தேன். கூரைக்கு வெளியே ஓடிய குழாயில், ஓட்டு வீட்டில் மேலோடு கீழோட்டின்மேல் படிவதைப்போல வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டிய தகட்டு இணைப்பை, ஸ்க்ரூ அடிக்க வசதியாக இருந்தது என்று மேல்நோக்கி வைத்துவிட்டேன். அடைமழைக்குப் பிறகு, வானம் வெளுத்து இரண்டு நாளாகியும் தகட்டின் இடுக்குகளில் ஆவி வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மீட்டரையும் பிரித்தோம். நனைந்து கனத்த பஞ்சு கஞ்சிபோலக் கையோடு வந்தது. அடியில் குழாய் துருவேறத் தொடங்கியிருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, புதுப்பஞ்சு வைத்து மூட மூன்று நாளாயிற்று. மேஸ்திரி திட்டவில்லை, அந்த மூன்று நாளும் ஏணியைப் பிடிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு வால்வுக்குக் கழற்றி மாட்டும் பெட்டியைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். மூன்றாவது முயற்சியில்தான் இரு பாதிகளும் கொக்கி போட்டதும் பிசகாமல் பொருந்தின. மறுவாரம் ஆலையின் ஃபிட்டர், வால்வின் தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கை மாற்ற அதைத் திறந்தார். வேலை முடிந்ததும், எங்களைக் கூப்பிடாமல், தகட்டை ஒரு தட்டுகூடத் தட்டாமல், அவரே மாட்டிவிட்டுப் போனார்.