டிகாஷன் இறங்கலைன்னா பொடியைத் திட்டாதீங்க

காபிப்பொடிக் கடைக் கவுன்டரில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "போன தடவை வாங்கினது பிரமாதமா இருந்துச்சு. இந்தத் தடவை என்னமோ மாத்திட்டீங்க." அதே கலவை, அதே வறுவல், அதே மெஷினில் அதே அரைப்பு. ஆனாலும் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டு டம்ளரில் ருசி நிஜமாகவே மாறியிருக்கிறது. விசாரித்தால், அபார்ட்மென்டில் மெட்ரோ வாட்டர் குறைந்து லாரித் தண்ணீர் வந்திருக்கும். இல்லையென்றால் ஃபில்டர் துளைகளில் பாதி அடைத்திருக்கும். அதுவும் இல்லையென்றால், கால் கிலோ வாங்க வேண்டியவர் ஒரு கிலோவாக வாங்கி நான்காவது வாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். கொட்டையைப் பற்றி ஊரே பேசுகிறது. கொட்டை கடையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று பேசத்தான் ஆளில்லை.

கஃபேயில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எஸ்பிரஸ்ஸோ ஒரு உலகம், ஃபில்டர் வேறு உலகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். அடைத்து வைத்த பொடியின் ஊடே சுடுதண்ணீர் இறங்குகிறது, இறங்கும்போது கரைய வேண்டியதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. எஸ்பிரஸ்ஸோவில் மெஷின் 9 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. ஃபில்டரில் தண்ணீரின் சொந்த எடைதான் தள்ளுகிறது. அதனால் எஸ்பிரஸ்ஸோ தப்பை உடனே காட்டிக்கொடுத்துவிடும்: 18 கிராம் பொடி, 93 டிகிரி தண்ணீர், 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் காபி. 15 நொடியில் கொட்டிவிட்டால் அரைப்பு பெரிது, 45 நொடி இழுத்தால் நைசு. ஃபில்டரில் இதே தப்பு அரை மணி நேரம் மூடிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், யாரும் பார்ப்பதில்லை.

மெஷினில் ஒரு ஷாட், அதாவது ஒரு தடவைக்கான எஸ்பிரஸ்ஸோ, எடுத்த பிறகு தட்டிக் கொட்டும் பொடிக்கட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சில நேரம் அதன் மேல் குண்டூசி குத்தியது போல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சுற்றிலும் பொடி வெளுத்திருக்கும். தண்ணீர் அந்த ஒரே வழியாக ஓடியிருக்கிறது. ஓட்டையைச் சுற்றியுள்ள பொடி அளவுக்கு மேல் கரைந்து கசப்பைக் கொடுக்கும், மற்ற பொடி சரியாக நனையாமலே புளிப்பைக் கொடுக்கும். ஒரே மடக்கில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வீட்டு ஃபில்டரில் கொதிக்கும் பாத்திரத்தை ஒரு முழம் மேலே தூக்கி ஒரே இடத்தில் தண்ணீரை ஊற்றும்போது நடப்பதும் இதே கதை. பொடியில் குழி விழுந்து, தண்ணீர் அந்தக் குழியின் வழியே போய்விடுகிறது.

இரண்டு பேருக்கு எவர்சில்வர் ஃபில்டரில் 30 கிராம் பொடி போதும். ஸ்பூன் கணக்கு வேண்டாம். சிக்கரி கலந்த பொடிக்கும் கலக்காத பொடிக்கும் ஒரே ஸ்பூனில் எடை மாறும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டமாகிவிடும். குடை போலக் காம்பு வைத்த தட்டை மேலே வைத்தால் மட்டும் போதும், அழுத்த வேண்டாம். அழுத்தினால்தான் திக்காக இறங்கும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். உண்மையில் டிகாஷன் திக்காக வருவது பொடிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தால். அழுத்தினால் அடைப்புத்தான் மிச்சம்.

தண்ணீர் 150 மில்லி. கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, முதலில் 40 மில்லியை மட்டும் தட்டின் மேல் சுற்றி ஊற்ற வேண்டும். பொடி உப்பி, குமிழி விடும். வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமில வாயு அப்போது வெளியேறுகிறது. குமிழியே வராத பொடி பழைய பொடி. ஒரு நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடிவிடலாம். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஊற்றிய 150-ல் கீழே வருவது 90 மில்லி சொச்சம்தான். 15 முதல் 25 நிமிடத்தில் கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கி முடிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டால் அடுத்த தடவை கடையில் இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் ஆகியும் மேலே தண்ணீர் நின்றால் உடனே ஸ்பூனை விட்டுக் கிண்டக் கூடாது. முதலில் மேல் பாத்திரத்தை அரை அங்குலம் தூக்கி மறுபடி வைத்துப் பாருங்கள். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் கீழே உள்ள காற்று வெளியே போக வழியில்லாமல் டிகாஷனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். தூக்கியதும் சொட்ட ஆரம்பித்தால் பொடி நிரபராதி. அப்படியும் அசையவில்லை என்றால், காபியை முடித்துவிட்டு ஃபில்டரைக் கழுவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளைகளில் எத்தனை இருட்டாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். எவர்சில்வர் ஃபில்டர் என்றால் அடிப்பாகத்தைச் சிறு தீயில் ஒரு நிமிடம் காட்டி, சிக்கிய பொடி கருகியதும் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். வெள்ளையாகப் படிந்திருப்பது தண்ணீரின் சுண்ணாம்பு. அது தீக்கு அசையாது. அரை லிட்டர் சுடுதண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து இருபது நிமிடம் ஊற வைக்க வேண்டும். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை மட்டும் தப்பித்தவறியும் தீயில் காட்டாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் அடுப்புக்கு அது ஒரு சூடே இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். காபிக்கு ஏற்ற தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் கணக்கு, 75-க்கும் 250-க்கும் இடையே இருக்க வேண்டும், 150 பக்கத்தில் இருந்தால் உத்தமம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் பல நேரம் ஐம்பதுக்குக் கீழே நிற்கின்றன. கடின நீரில் உள்ள பைகார்பனேட் காபியின் அமிலத்தைத் தின்றுவிடும். பழச்சுவை போய் மண்சுவை மட்டும் நிற்கும், எந்த எஸ்டேட் கொட்டையாக இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் நேர் எதிர்: காபி வெறிச்சென்று, முனை மட்டும் கூர்மையாக இருக்கும். கேன் தண்ணீர் 40, குழாய்த் தண்ணீர் 600 என்றால் 800 மில்லி கேன் தண்ணீரும் 200 மில்லி குழாய்த் தண்ணீரும் கலந்தால் கணக்கு 152-ல் வந்து நிற்கும். சில நூறு ரூபாய் மீட்டர் இதற்குப் போதும். ஆனால் மீட்டர் என்ன உப்பு என்று சொல்லாது. கடலோரப் பகுதிகளில் நாக்கில் கரிக்கும் தண்ணீரை எந்த விகிதத்திலும் கலக்க வேண்டாம்.

மெஷின் வைத்திருக்கும் கஃபேக்களுக்கு இது ருசியோடு முடியும் விஷயம் இல்லை. கடின நீர் பாய்லரில் சுண்ணாம்பு படிய வைத்து ஹீட்டிங் எலிமென்ட்டைக் காலி செய்யும். அதற்குப் பயந்து சுத்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் விட்டால் இன்னொரு வேடிக்கை. பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் கம்பி, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தாது உப்பே இல்லாத தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரியாது. பாய்லர் நிறைந்த பிறகும் மெஷின் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்டீம் குழாயில் ஆவிக்குப் பதில் தண்ணீர் வரும். மெக்கானிக் வந்து போர்டை மாற்றச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரின் டி.டி.எஸ். பார்ப்பது நல்லது.

சிக்கரியைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. சிக்கரி என்றாலே கலப்படம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பால் காபிக்கு 15, 20 சதவீதம் சிக்கரி நிறமும் அடர்த்தியும் கொடுக்கும், பாலின் இனிப்போடு ஒத்துப்போகும். கஃபீன் அதில் கிடையாது. அந்த அளவுக்கு மேல் போனால் கடைக்காரருக்கு லாபம், உங்களுக்கு அடைப்பு. சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊதி, பொடியின் இடைவெளிகளை மூடிவிடும். கலவை 70:30 என்றால் அரைப்பைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால்தான் இறங்கும். வாங்கிய பொடியில் சிக்கரி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் அரை ஸ்பூன் தூவிப் பாருங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு விட்டுக்கொண்டு கீழே இறங்கும்.

கவுன்டரில் அடுத்த மந்திரச்சொல் பீபரி. பழத்துக்குள் இரண்டு பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபரி. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாக உருண்டு சீராக வறுபடும், அவ்வளவுதான். அரபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு வகைக் காபிச் செடியிலும் பீபரி உண்டு, விலையும் குணமும் வேறு வேறு. எந்தச் செடியின் பீபரி என்று கேட்காமல் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பிளான்டேஷன் ஏ என்பதும் அப்படித்தான். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிகா, ஏ என்பது சல்லடையில் நிற்கும் பருமன். பருமன் பெரிதானால் ருசி கூடும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழத்தோடு உலர்த்தியதற்குப் பெயர் செர்ரி.

இந்தியக் காபியில் பெரும்பங்கு கர்நாடகத்தில் விளைகிறது, சிக்மகளூரும் குடகும்தான் பெரிய பெயர்கள். வயநாட்டில் ரோபஸ்டா. நம் பக்கத்தில் ஏற்காடு, தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள கீழ்ப்பழனி மலை, நீலகிரி, வால்பாறை. ஏற்காட்டுக் காபியும் கீழ்ப்பழனிக் காபியும் சென்னையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் விளைகின்றன. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தி.நகரில் எத்தியோப்பியாவைக் கேட்பவர்கள் தாண்டிக்குடியைக் கேட்பதில்லை என்பது எனக்குப் புரியாத கணக்கு. அரபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், ரோபஸ்டா அதற்குப் பின்னால். அதனால் கோடையில் "புதுக் காப்பு வந்தாச்சா" என்று கேட்கும் வாடிக்கையாளர் விஷயம் தெரிந்தவர். மங்களூர்ப் பக்கம் பருவமழைக் காற்றில் ஊற வைத்துப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபார் புளிப்பு குறைந்தது, எஸ்பிரஸ்ஸோக் கலவையில் நன்றாக உட்காரும். ஃபில்டரில் தனியாகப் போட்டால் சிலருக்கு ஈர வாசனை அடிக்கும்.

அரைத்த உடன் கடையில் வாங்கும் பொடி கைக்குச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கவரின் வாயைப் பத்து நிமிடம் திறந்து வைத்து, ஆறியதும் டப்பாவுக்கு மாற்றுங்கள். சென்னை ஈரக்காற்றில் திறந்து மூடும் பொடிக்கு ஆயுள் பத்து நாள்தான். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துப் போடுவது அதைவிட மோசம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர்ந்த பொடியில் ஈரம் படியும். அதிகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 100 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் போட்டு, வெளியே எடுத்தது முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

வீட்டுக்கு எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: பட்ஜெட்டை முதலில் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் தூளும் குருணையும் கலந்து வரும், அதை வைத்து எந்த மெஷினிலும் ஒழுங்கான ஷாட் எடுக்க முடியாது. 15 பார், 20 பார் என்று பெட்டியில் போட்டிருப்பது பம்பின் சக்தி, பொடிக்குத் தேவை 9 தான். மலிவு மெஷின்களில் பொடி போடும் இரட்டை அடி பாஸ்கெட் ஒரே சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி நுரை காட்டும், அது பொடியின் புத்துணர்ச்சிக்குச் சாட்சி இல்லை. வறுத்த தேதியிலிருந்து ஒரு வாரம் விட்டுக் கொட்டையைத் திறங்கள். காலையில் 28 நொடி ஓடிய அரைப்பு மதியம் வேறு நேரம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஈரப்பதமும் கிரைண்டர் சூடும் மாறியிருக்கும், ஒரு கோடு நகர்த்தினால் சரியாகிவிடும்.

கடைசியாகப் பால். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. சிக்கரி இல்லாத பொடிக்கு ஆரஞ்சு பொருந்தும், 80:20 கலவைக்கு நீலமே தாராளம். 40 மில்லி டிகாஷனுக்கு 110 மில்லி பால் நடுவாந்திரக் கணக்கு. கஃபேயில் பாலை 65 டிகிரியில் நிறுத்துகிறார்கள், நம் வீட்டுக் காபிக்கு அந்தச் சூடு பத்தாது. ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூடாக இருக்கும்போதே கலந்துவிடுங்கள். டிகாஷனை மட்டும் தனியாக அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது, அப்படிச் செய்தால் வாசனை சமையலறைக்குப் போய்க் கசப்பு டம்ளருக்கு வரும். ஆறிப்போன டிகாஷன் என்றால் டவராவை வெந்நீரில் உட்கார வைத்தால் போதும். திரும்பத் திரும்பக் கொதித்து ஆடை கட்டிய பாலை வடிகட்டி ஊற்றினாலும் அந்தக் காய்ச்சல் வாடை போகாது, அரை டம்ளர் புதுப் பால் வைத்துவிடுவதே சுலபம்.