மன்றத்துக்கு ஒரு வலைத்தளம்

தமிழ் மன்றத்துக்கு வலைத்தளம் வேண்டும் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருவன், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் என்றான். நல்லதுதான், ஆனால் தளத்தை இணையத்தில் வைக்க ஹோஸ்டிங் பணம், கூடுதல் வசதிகளுக்கான ப்ளகின் அப்டேட் எல்லாம் யார் பார்ப்பது? இன்னொருத்தி, நிரல் எழுதுபவர்கள் புழங்கும் கிட்ஹப் பேஜஸ் என்றாள். இலவசம்தான், ஆனால் அடுத்த வருடச் செயலாளர் மாற்றங்களைப் பதிவதற்கு அங்கே சொல்லும் 'கமிட்' என்ற சொல்லைப் பார்த்தே மிரண்டுவிடுவார்.

கடைசியில் கூகுள் சைட்ஸ். படத்தை இழுத்துப் போட்டால் போதும். அரை மணி நேரத்தில் பொங்கல் விழாப் படங்கள் ஏறிவிட்டன. அழகு சுமார்தான், சரி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: மன்றத்துக்கென்று தனி ஜிமெயில் திறந்து அதில் செய்யுங்கள். எங்கள் காலத்துத் தளம் ஒரு சீனியரின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவர் வேலைக்குப் போனார், பாஸ்வேர்டும் கூடவே போனது. அதில் இன்னமும் 2014 கோலப்போட்டி முடிவுதான் தொங்குகிறது.