பல் தேய்த்தேன், பல் தேய்ந்தது

முதலில் அது குளிர்ந்த தண்ணீரில்தான் தெரிந்தது. வாயின் இடப்பக்கம் தண்ணீர் பட்டதும் சுரீரென்று ஒரு கூச்சம் வரும், விழுங்கி முடிப்பதற்குள் போய்விடும். வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. அதனால் வலப்பக்கமாகவே குடிக்கப் பழகிக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே ஓடியது. அப்புறம் வாய்வழியாக மூச்சை இழுத்தாலே கூச ஆரம்பித்தது. சொத்தையாக இருக்கும் என்று நினைத்து, அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கூச்சம் வந்தவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. செய்யவே கூடாததும் இதுதான்.

பல் மருத்துவர் பார்த்துவிட்டு, சொத்தை எங்கும் இல்லை என்றார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, உதட்டை விலக்கிக் காட்டினார். மேல் வரிசையில் இடது கோரைப்பல், அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறிய கடைவாய்ப் பற்கள். மூன்றிலும் பல்லும் ஈறும் சேரும் இடத்தில், மரத்தில் கோடாலியின் முதல் வெட்டு விழுந்த மாதிரி ஒரு பள்ளம். பல்லின் மற்ற பகுதி வெள்ளையாக இருக்க, பள்ளத்துக்குள் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டிக்கொண்டு நின்றது. கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை வைத்து அளந்து, கோரைப்பல்லில் ஈறு 3 மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

“நீங்க வலது கைக்காரர்தானே?” என்று கேட்டார். வலது கையால் தேய்ப்பவர்களுக்கு அழுத்தம் அதிகமாக விழுவது பெரும்பாலும் இடப்பக்கத்தில்தானாம்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. புது பிரஷ் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, “வீட்டில் எப்படித் தேய்ப்பீங்களோ அப்படியே தேய்ங்க” என்றார். தேய்த்தேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது, நிறுத்தச் சொன்னார். “முழங்கை ஆடுது பாருங்க. பல் தேய்க்க முழங்கையே வேண்டாம்.” கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். பிரஷின் இழைகள் நசுங்கி இரண்டு பக்கமும் படுத்துக் கிடந்தன. இழையின் நுனி பல்லைத் தொடவே இல்லை, பக்கவாட்டில்தான் உரசிக்கொண்டிருந்தது. நான் வாங்கும் பிரஷ் ஒவ்வொன்றும் மூன்றே வாரத்தில் விரிந்துபோவதற்குத் தரம்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நம் மொழியில் இருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. பல் தேய்க்கிறோம் என்கிறோம், பல் தேய்கிறது என்றும் சொல்கிறோம். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சின்ன வயதிலிருந்தே ‘நல்லா அழுத்தித் தேய்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அழுத்தம் குறைந்தால் சுத்தம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் பிரஷால் எடுக்க வேண்டியது பல்லில் படியும் மென்மையான கிருமிப் படலத்தைத்தான். அதற்குப் பலம் வேண்டியதில்லை. அந்தப் படலம் இறுகிக் காரையாகிவிட்டால், எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் வராது. மருத்துவரின் கருவியால்தான் வரும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் பற்சிப்பி (எனாமல்) நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். ஆனால் அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை தேய்ந்த சிப்பி திரும்ப வளராது. ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் அது மிக மெல்லியது, ஈறுக்குள் மறைந்திருக்கும் வேரின் மேல் சிப்பியே கிடையாது. ஈறு விலகினால் அடியில் இருக்கும் டென்டின் என்ற உள் அடுக்கு வெளியே தெரிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள், அவற்றுக்குள் திரவம். குளிர்ச்சி பட்டதும் அந்தத் திரவம் அசைய, நரம்பு சுரீர் என்கிறது. ஒரு வருடமாக நான் அனுபவித்தது இதைத்தான்.

மருத்துவர் மற்ற பழக்கங்களையும் கேட்டார். பேனா மூடியைக் கடிப்பீர்களா? பல்லால் கவர் பிரிப்பீர்களா? ஐஸ் கட்டியை மெல்வீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள் என்ற கேள்வியில்தான் அகப்பட்டேன். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன், முடித்தவுடன் பல் தேய்ப்பேன். அமிலம் கூடக்கூடக் குறையும் அளவுதான் பிஎச். வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் சிப்பியின் கனிமம் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு அமிலம். அமிலத்தில் மேற்பரப்பு இளகியிருக்கும் நேரம் பார்த்து அழுத்தித் தேய்த்திருக்கிறேன், அதுவும் வருடக்கணக்கில். எச்சில் நிலைமையைச் சரிசெய்யக் குறைந்தது அரை மணி நேரமாவது விட வேண்டும். இப்போது எழுந்ததும் முதலில் பல் தேய்க்கிறேன். எலுமிச்சைத் தண்ணீரை விட்டுவிட்டேன்.

பள்ளங்களை அடைப்பது ஒரே நாளில் முடிந்தது. பஞ்சு வைத்து ஈரத்தை நிறுத்தினார்கள். ஈறைச் சற்று ஒதுக்க, மெல்லிய நூலை அதன் விளிம்பில் செருகினார்கள். அந்த இடத்தில் மட்டும் ஓர் அழுத்தம் தெரிந்தது, மற்றபடி வலி இல்லை. பற்களின் நிறத்திலேயே இருந்த பசையை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்கினார்கள். ஆனால், “கையை மாத்தலேன்னா இதுவும் தேயும்” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

உண்மையான சிரமம் அதற்குப் பிறகுதான். மிருதுவான இழை உள்ள பிரஷைப் பேனா பிடிக்கிற மாதிரி விரல்களால் பிடித்து, ஈறின் விளிம்பில் 45 டிகிரி சாய்வாக வைத்து, அதே இடத்தில் சின்னச் சின்ன அசைவு. அப்புறம் அடுத்த இடம். மொத்தம் இரண்டு நிமிடம், காலையும் இரவும். கேட்க எளிதுதான். ஆனால் கவனம் சிதறிய நொடியில் கை பழைய வேகத்துக்குப் போய்விடும். கடைசியில் இடப்பக்கத்துக்கு இடது கையையே பழக்கினேன். அந்தக் கைக்கு அழுத்தத் தெரியாது என்பதே வசதியாகிவிட்டது. தேய்த்து முடித்ததும் துப்புவதோடு சரி, தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை. பேஸ்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்கவேண்டும் என்பதற்காக. முதல் வாரம் வாய் சுத்தமாகாத மாதிரியே இருந்தது. கூச்சத்துக்கென்று தந்த பேஸ்டைத் தினமும் பயன்படுத்தியதில், மூன்றாவது வாரம் யோசிக்காமல் இடப்பக்கமாகத் தண்ணீர் குடித்திருந்தேன். குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டாவது முறை போனபோது இன்னொன்றும் தெரிந்தது. கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன். கழுத்துப் பகுதிப் பள்ளங்களில் அந்தப் பாரத்துக்கும் பங்கிருக்கலாம் என்றார். பல் வரிசையை அச்செடுத்து, இரவில் போட ஓர் உறை செய்து தந்தார். பழக ஒரு வாரம் ஆனது. பகலில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உதவியது: உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேர்ந்திருக்கக் கூடாது. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை தாடையைத் தளர்த்திக்கொண்டேன்.

ஆறாவது மாதம் மறுபடி அந்தக் கம்பியை வைத்து அளந்தார். அதே 3 மில்லிமீட்டர். விலகிய ஈறு தானாகத் திரும்பி வராது, அதனால் மேலும் விலகாமல் இருந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. போன வாரம் மூன்று மாதம் ஆன பிரஷைத் தூக்கிப் போட்டேன். போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழைகள் நேராக நின்றன.