11 வருட அனுபவம், 0 மதிப்பெண்

அனுபவச் சான்றிதழ் என்று ஒரு தாள். அதை வாங்க கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு ஐந்து முறை பஸ் ஏறினேன். கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் அதற்குக் கிடைத்தது பூஜ்யம். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டதால் இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. ஆனாலும் ஃபைலைத் திறந்து அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்கிறது.

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி 2011ல் கோவையில் முடித்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே மலைக்குத் திரும்பி, டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, 2012 நவம்பரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன். ரத்தப் பிரிவு. குரூப்பிங், கிராஸ்மேட்ச் (கொடுக்கப்போகும் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பார்ப்பது), ரத்த பேக் கணக்கு, வாரத்துக்கு இரண்டு நைட். ராத்திரி கரண்ட் போனால் டார்ச்சோடு முதலில் ஓடுவது ரத்த ஃப்ரிட்ஜுக்குத்தான். உள்ளே 2 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் 35 நாள் தாங்க வேண்டிய பேக் வீண். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை என்னிடம்தான் விடுவார்கள். "அக்கா, நீங்க காலேஜ்ல இருக்க வேண்டியவங்க" என்று ஒரு பெண் சொன்னாள். அது சும்மா சொன்ன பேச்சுதான். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போனது.

முதல் தப்பு என்னுடையது. பிஎச்.டி. இல்லாமல் பல்கலைக்கழக வாசலையே மிதிக்க முடியாது என்று நினைத்து, 2023 ஆரம்பத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்கு அலைந்தேன். அதற்கு வேலை செய்யும் இடத்தில் தடையின்மைச் சான்று வேண்டும். சும்மா "ஆட்சேபணை இல்லை" என்று எழுதினால் செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளின்படி அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்க வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (பிஎச்.டி.க்கான பாட வகுப்புகள்) முடிக்க வேலையிலிருந்து விடுவிப்பார்கள். மேனேஜர் முதலாவதை மட்டும் எழுதினார். மற்ற இரண்டையும் கேட்டதற்கு, "அப்புறம் ராத்திரி ரத்தம் யாரும்மா குடுப்பா?" என்றார். நியாயமான கேள்விதான், என்ன செய்ய. அந்த ஜூலையிலேயே விதி மாறியது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆறு மாதம் போனது போனதுதான். யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்: யாரோ சொன்னதை வைத்து ஓடாதீர்கள், அந்த வருடத்து விதியை ஒரு தடவை நீங்களே படித்துவிடுங்கள்.

2023 கடைசியில் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, கோத்தகிரியிலேயே ஒரு சின்ன லேபில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்து நெட்டுக்குப் படித்தேன். நமக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், லைஃப் சயின்சஸ். ஆராய்ச்சி உதவித்தொகையான ஃபெலோஷிப்புக்குத்தான் வயது வரம்பு. விரிவுரையாளர் தகுதிக்குக் கிடையாது, அதனால் முப்பத்தைந்து தாண்டியவர்கள் தயங்க வேண்டாம். பாடத்திட்டத்தில் 13 அலகுகள். அதில் ரத்தம் எட்டிப்பார்ப்பது ஏழாவதில், அதுவும் ஒரு ஓரமாக. தாவர உடலியலும் பரிணாமமும் எனக்கு நன்றாகவே தண்ணீர் காட்டின. தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். லேபில் "தெரியலைன்னா ரிப்போர்ட் போடாதே" என்று பழகிய கை இங்கே உதவியது. கேள்வித்தாளின் சி பகுதியில் 75 கேள்வியில் 25 எழுதினால் போதும். நான் 19தான் தொட்டேன்.

2024 ஜூன் 25லிருந்து தேர்வு என்று லீவு, மாற்று ஆள், கோவையில் சித்தி வீடு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு இருந்தால், 21ஆம் தேதி தேர்வு தள்ளிவைப்பு என்று செய்தி. ஜூலை கடைசியில்தான் நடந்தது. நல்ல மழைக்காலம். நீலகிரிக்காரர்கள் தயவுசெய்து முந்தைய நாளே கீழே இறங்கிவிடுங்கள். விடியற்காலை முதல் பஸ் என்று நம்பினால், காட்டு ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது. தேர்ச்சி பெற்றேன். பெரிய மார்க் இல்லை.

சரி, சான்றிதழ் கதைக்கு வருகிறேன்.

2025ல் ஒரு பல்கலைக்கழகத் துறையில் தற்காலிக உதவிப் பேராசிரியர் இடத்துக்கு விண்ணப்பம். பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் அனுபவச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இடையில் நிர்வாகம் கைமாறியிருந்தது. "அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனால் அந்த ஆள் லீவு. மூடுபனியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை தாள் தயாராக இருந்தது. வாசித்துப் பார்த்தேன். பதவி: லேப் அட்டெண்டர். சேர்ந்த வருடம்: 2019.

"நான் 2012ல சேர்ந்தேன் சார். டெக்னீஷியனா."

"அது பழைய மேனேஜ்மென்ட் காலம்மா. எங்க கணக்கு 2019லேருந்துதான்."

ஆறேழு வருடம் அப்படியே மறைந்துபோனது. கிராஸ்மேட்ச் ரெஜிஸ்டரில் என் கையெழுத்து ஆயிரக்கணக்கில் இருக்குமே என்று லேபுக்கு ஓடினேன். இன்னும் அங்கேயே இருக்கும் சீனியர் அக்கா உதட்டைப் பிதுக்கினார். ரத்த வங்கிப் பதிவேடுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தையதெல்லாம் எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயாயிற்று.

காப்பாற்றியது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). அந்த அக்காதான் ஞாபகப்படுத்தினார். யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து இணையதளத்துக்குள் போனால் சர்வீஸ் விவரத்தில் சேர்ந்த தேதி அச்சடித்த மாதிரி இருந்தது, 2012 நவம்பர். கூடவே அம்மாவின் பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், பழைய நியமனக் கடிதம். இரண்டையும் காட்டினேன், தேதியை ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் கையெழுத்துக்கு இன்னொரு நடை. ஐந்தாம் முறை கையில் வாங்கினேன்: தேதி சரி, டெக்னீஷியன் சரி, இனிஷியல் மட்டும் கணவருடையது. என் மார்க் ஷீட் எல்லாவற்றிலும் அப்பா இனிஷியல். இதற்கு மேல் என்னால் முடியாது என்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டுக்கொண்டேன். வேலையை விடுகிற அன்றே சான்றிதழை வாங்கி, அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு வெளியே வாருங்கள்.

நேர்காணலுக்கு முந்தைய சரிபார்ப்பில் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரி அனுபவம். கற்பித்தலுக்கும் பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கும்தான் வருஷத்துக்கு 2 மார்க், அதிகபட்சம் 10. இதுக்கு எதுவும் போட முடியாதும்மா." அவர் மேல் தப்பில்லை. யு.ஜி.சி. 2018 அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. நான்தான் படிக்காமல் ஐந்து முறை பஸ் ஏறியிருக்கிறேன். ஒரு ஆறுதல், அந்த மதிப்பெண் எல்லாம் நேர்காணலுக்கு அழைப்பது வரைக்கும்தான். தேர்வு நேர்காணலை வைத்து.

பத்து நிமிட மாதிரி வகுப்பு. எனக்கு வந்த தலைப்பு ஹீமோகுளோபின். ரத்தத்தை அறைக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் இரண்டு டெஸ்ட் டியூபில் பீட்ரூட் தண்ணீர், ஒன்றில் மட்டும் கொஞ்சம் மைதா கரைத்தது. பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு. "சார், படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினேன். தெளிந்த குழாய் வழியாக எழுத்து தெரிந்தது. மற்றதில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணுச் சோகைக்கான சோதனையில் உண்மையிலேயே இதுதான் நடக்கிறது. டைதயோனைட் என்ற ரசாயனம் ஆக்சிஜனைப் பிடுங்கியதும், இந்த நோயில் இருக்கும் மாறுபட்ட ஹீமோகுளோபினான ஹீமோகுளோபின் எஸ் கரையாமல் கலங்கிவிடும். 1952ல் லேமனும் கட்புஷும் இந்தியாவில் முதன்முதலாக இதைக் கண்டு எழுதியது எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் என்றும் சொன்னேன்.

"இதில் தவறு எங்கே வரும்?" என்று கேட்டார்கள். அதைத்தான் 11 வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே! ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தப்பாக நெகட்டிவ் வரலாம். நோயாளியா, மரபணுவைச் சுமப்பவர் மட்டுமா என்று இது பிரித்துச் சொல்லாது. அப்புறம் எங்கள் ஊர் ஈரம். மூடுபனிக் காலத்தில் டைதயோனைட் பாட்டிலைச் சரியாக மூடாவிட்டால் தூள் கட்டிதட்டிச் செத்துப்போகும். ஒருமுறை காலையிலிருந்து எல்லாமே நெகட்டிவாக வந்து, பாசிட்டிவ் கன்ட்ரோலும் (கலங்கியே ஆக வேண்டிய, முன்பே தெரிந்த சாம்பிள்) தெளிந்து நின்றபோதுதான் பிடித்தோம். அன்றைய சாம்பிள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டோம். கண்ணாடியைக் கழற்றியவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. சம்பளம் ஆஸ்பத்திரியில் வாங்கியதைவிடக் குறைவுதான், அதுவும் முதல் மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. உத்தரவில் அப்பா இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். திங்கட்கிழமை அஃபிடவிட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு கவுன்டரில் நிற்க வேண்டும்.