கரவனும் நாலு சைக்கிளும்

ஜூன் 28, சனி

தம்பி தன் வெல்டிங் கடையில் செய்த கரவனை இன்று முற்றத்தில் கொண்டுவந்து விட்டான். பழைய ட்ரெயிலர் சட்டத்தில் பெட்டி அடித்துக் கட்டியது. ஒற்றை அச்சு, இரண்டு சில்லு, உள்ளே நெருக்கிப் படுத்தால் நாலு பேர். சாமானோடு சேர்த்து 750 கிலோவுக்கு மேல் போகக்கூடாதாம். இழுக்கப்போவது எங்கள் டொல்பின் வான்.

போகிற இடம் காரைநகர். கசூரினாக் கடற்கரைக்குக் கிட்ட சித்தியின் வளவில் கரவனை நிறுத்தி ஒரு இரவு. அடுத்தநாள் காலை சைக்கிளில் தீவைக் குறுக்கறுத்து இறங்குதுறைக்குப் போய், பாதை ஏறி ஊர்காவற்றுறை. ஆட்களும் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஏறுகிற மிதவைதான் இந்தப் பாதை. கரவனோடு அங்கே போய் நிற்க முடியாது. சைக்கிள் இல்லாவிட்டால் பயணத்தில் பாதி இல்லை. அதனால் நாலு சைக்கிளையும் கொண்டுபோக வேண்டும்.

தம்பி அதற்கும் வழி யோசித்து வைத்திருக்கிறான். கரவனின் முதுகில் மாட்ட இரும்பு ஸ்டாண்ட் ஒன்று செய்து கொண்டுவந்தான். பார்க்க நல்ல வடிவுதான். "அக்கா, இதிலை நாலும் நிக்கும், யானை வந்தாலும் ஆட்டாது" என்றான். ஆடாது என்பதை நானும் நம்புகிறேன். என் யோசனை வேறு.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளிக்கூடத்தால் வந்ததும் பக்கத்து வீட்டு நிறை பார்க்கிற தராசை இரவல் வாங்கினேன். முதலில் சைக்கிள்கள். இவருடைய லுமாலா 19 கிலோ, என் லேடீஸ் சைக்கிள் 18, மகனுடையது 13, மகளுடையது 11. நம் ஊர்ச் சைக்கிளில் கரியர், ஸ்டாண்ட், மட்காட், செயின் கவர் எல்லாம் இருக்கும். வெளிநாட்டுப் படங்களில் ஒற்றைக் கையால் தூக்குகிற சாமான் இல்லை இது. ஸ்டாண்டின் 8 கிலோவையும் சேர்த்தால் 69.

அடுத்தது கரவனின் மூக்குப் பாரம். வானின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டையை கரவனின் கொளுவி கீழே எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. சில்லுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, கரவனை மட்டமாக நிறுத்தி, கொளுவிக்கும் தராசுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை நிமிர்த்தி வைத்து, கொளுவிச் சட்டத்தைத் தாங்கி நிற்கிற சின்ன முன் சில்லை மெல்ல உயர்த்தினால் தராசு சொல்லிவிடும். 48 கிலோ காட்டியது. முழுப் பாரத்தில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை மூக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 750 கிலோவுக்கு ஏறக்குறைய 38 முதல் 52 வரை. ஆக 48 நல்ல இடம்.

பிறகு ஸ்டாண்டை முதுகில் பூட்டி, நாலு சைக்கிளையும் ஏற்றிக் கட்டி, திரும்பவும் பார்த்தோம். தராசு முள் 2 கிலோவில் நின்றது.

தம்பி தராசு பிழை என்றான். நான் தாளை எடுத்தேன். அச்சிலிருந்து கொளுவிக்கு 3 மீற்றர். அச்சிலிருந்து பின்னால் ஸ்டாண்டின் நடுவுக்கு 2 மீற்றர். 69 கிலோவை 2ஆல் பெருக்கி 3ஆல் பிரித்தால் 46. பின்னால் வைத்த பாரம் மூக்கிலிருந்து 46 கிலோவைத் தூக்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம், சீசோக் கணக்குத்தானே.

மூக்கு இலேசானால் என்ன ஆகும் என்பதை இவருக்கு விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது. கரவனின் பின்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் பெருகும், கடைசியில் அது வானின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். பாரம் அச்சைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஆட்டத்தை நிறுத்துவது கஷ்டம். கயிறு எவ்வளவு இறுக்கமாய் இருந்தாலும் இதற்கு உதவாது. கட்டு அவிழாமலே வண்டி புரளலாம்.

போதாததுக்கு நாலு சைக்கிளும் பின் லைட்டையும் இலக்கத் தகட்டையும் மறைத்துக்கொண்டு நின்றன. பொலிஸ்காரர் மறிக்க இதைவிட நல்ல சாட்டு வேண்டாம்.

ஜூலை 3, வியாழன்

தம்பி விடுகிறவன் இல்லை. ஸ்டாண்டை முன்னால், கொளுவிச் சட்டத்தின் முக்கோணத்தில் பூட்டுவோம் என்றான். கணக்குப் பார்த்தேன்: மூக்குப் பாரம் 103 கிலோ வரும். வானின் இழுவைக் கம்பி தாங்கும் அளவென்று அதில் வெட்டியிருப்பது 75. அவ்வளவு பாரம் அதில் இருந்தால் வானின் பின்பக்கம் தாழ்ந்துவிடும், முன் சில்லுப் பிடிமானம் குறையும், இரவில் லைட் எதிரே வருகிறவனின் கண்ணுக்குள் அடிக்கும்.

அதோடு எங்கள் ஒழுங்கை. படலையால் வெளியே வந்து உடனே வளைக்க வேண்டும். வளைக்கும்போது கரவனின் முன்மூலை வானுக்குக் கிட்ட வரும். அங்கே ஒரு ஹாண்டில் நீட்டிக்கொண்டு நின்றால் பின் கண்ணாடி போச்சு. பின் கதவைத் தூக்கித் திறக்கவும் ஏலாது. காஸ் சிலிண்டர் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.

வானின் இழுவைக் கம்பியிலேயே தொங்குகிற மாதிரி ஸ்டாண்ட் விற்கிறார்களே என்று இவர் கேட்டார். காரை மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. எங்களுக்கு அந்த உருண்டையில்தான் கரவன் கொளுவ வேண்டும்.

மிச்சம் இருப்பது வானின் கூரையும் கரவனின் உள்ளும்.

ஜூலை 5, சனி

அப்பா வந்திருந்தார். இவ்வளவு நாளும் நாங்கள் தராசோடு மாரடித்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தொண்ணூறுகளில் போரால் ஆனையிறவுத் தரைப்பாதை மூடிக் கிடந்தபோது வன்னிக்குப் போக வர கிளாலிக் கடல்தான். அப்பாவும் இரவில் படகேறிப் போய் வந்தவர். பெற்றோல் இல்லாத காலம், அக்கரையில் இறங்கினால் சைக்கிள்தான் கால். ஆகவே சைக்கிளும் படகில் ஏறும். யாருடைய சைக்கிள் எங்கே என்று ஓட்டிதான் சொல்வாராம். முதலில் வந்து அணியத்தில், படகின் முன்நுனியில், கட்டிவிட்டு வசதியாக இருந்தவரை எழுப்பி, அவிழ்த்து நடுவுக்குக் கொண்டுவா என்று ஏசினதையும் அப்பா கண்டிருக்கிறார். "பாரம் நடுவிலை இருந்தாத்தான் கட்டைப் பற்றி யோசிக்கலாம். அந்தரத்திலை வைச்சிட்டு என்னத்தைக் கட்டி என்ன?" தம்பி என் தாளுக்கு அசையாதவன், இதற்கு வாயைத் திறக்கவில்லை.

அப்பா கயிறு கட்டுகிற கலை தனி. 95 ஒக்டோபரில் வலிகாமமே போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மம்மாவின் தையல் மெஷினும் அரிசி மூட்டையும் அவருடைய கரியரில்தான் போயின. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, இழுத்து, சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளேயே செருகிவிடுவார். முடிச்சே கிடையாது. ஆனால் கூரையில் கட்ட ரியூப் மட்டும் போதாது என்பது என் எண்ணம். இறப்பர் இழுபடும், காற்று தூக்கினால் அதுவும் சேர்ந்து தூக்கும். இழுபடாத பட்டிதான் பாரத்தைப் பிடிக்க வேண்டும். கடகடவென்று அடிக்கிற சத்தத்தை அடக்க ரியூப் நல்லது. அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டும் போடுவோம் என்று முடிந்தது.

ஜூலை 10, வியாழன், போயா

போயா தினம், பௌர்ணமி விடுமுறை, ரியூசன் இல்லை, பிள்ளைகள் வீட்டில். எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தோம்.

பெரிய சைக்கிள் இரண்டும் கரவனுக்குள். இருக்கைகளுக்கு நடுவே, அச்சுக்கு நேர் மேலே, தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். பெடலைக் கழற்றாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று படுக்காது. 15ஆம் நம்பர் ஸ்பானர். வலப்பக்கப் பெடலை வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கத்தில் புரி மாறி இருக்கும், அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இவருக்கு இது தெரியும் என்றாலும் மகனுக்குக் காட்டுவதற்காக மெதுவாகச் செய்தார். ஹாண்டிலைத் தளர்த்தி சட்டத்தோடு ஒட்டத் திருப்பி, செயினுக்கு மேல் பழைய சாரம் ஒன்றைச் சுற்றிவிட்டோம். இல்லாவிட்டால் மெத்தை முழுக்கக் கறுப்பு எண்ணெய். தரையில் தம்பி ஒட்டிய வளையங்களில் பட்டி போட்டு நாலு பக்கமும் இறுக்கினோம். சடுதியாகப் பிரேக் பிடித்தால் 37 கிலோ முன்னுக்குப் பறந்துவரும் என்பதால் முன்பக்கத்துப் பட்டியில் நான் கூடக் கவனம் எடுத்தேன்.

அந்த 37 கிலோவுக்கு ஈடாகத் தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக விட்டோம். 40 லீற்றர் பிடிக்கிற தாங்கி, 40 கிலோ. சித்தி வீட்டுக் கிணற்றில் நிரப்பினால் போச்சு. தாங்கியும் அச்சுக்கு மேலேயே இருப்பதால் மூக்குப் பாரம் பெரிதாக மாறாது. தராசு 50 காட்டியது. அதற்குமேல் நான் எதையும் தொடவிடவில்லை.

சின்னச் சைக்கிள் இரண்டும் வானின் கூரைக் கரியரில், படுக்கையாக. நிமிர்த்தி வைத்தால் உயரம் 3 மீற்றருக்குக் கிட்டப் போகும். எங்கள் ஒழுங்கையில் ரெலிபோன் வயரும் மாங்கொப்பும் அதற்கு இடம் விடாது. இருபுறமும் பட்டி, அதற்கு மேல் அப்பாவின் ரியூப்.

ஜூலை 12, சனி

விடியப் புறப்பட்டோம். மானிப்பாய், சங்கானை, சித்தங்கேணி, மூளாய். சங்கானைச் சந்தைக்குக் கிட்ட நிறுத்திக் கட்டுகளைப் பார்த்தோம். கூரையில் ஒரு பட்டி விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. புதுப் பட்டி முதல் கொஞ்சத் தூரத்தில் கொஞ்சம் இளகத்தான் செய்யும். மகளின் இருக்கை உறை காற்றோடு போய்விட்டது, அதற்கு ஒரு பாட்டம் அழுகை.

பொன்னாலைப் பாலத்தில் சோளகம், தென்மேற்குக் காற்று. இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனைகூட இல்லை. இவர் 40க்கு மேல் போகவில்லை. காற்று கரவனைத் தள்ளுவது ஸ்டியறிங்கில் தெரிந்ததாம், ஆனால் தள்ளிவிட்டு அப்படியே நின்றது, திரும்ப ஆடவில்லை. எதிரே ஒரு 782 பஸ் வந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பஸ் கடந்ததும் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியறிங்கை நேரே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நேற்றே பேசி வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

சித்தி வளவில் முதல் வேலை சைக்கிளை வெளியே எடுப்பது. அது முடியாமல் உள்ளே தேத்தண்ணிகூட வைக்க ஏலாது. உள்ளே ஏற்றுவதில் உண்மையான கரைச்சல் இதுதான். வழியில் களைத்து ஒருவர் படுக்க நினைத்தாலும் இடமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் துறைக்கு மிதித்தோம். சோளகம் முகத்தில், மகள் இரண்டு தரம் இறங்கி நடந்தாள். பாதையில் மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே எங்கள் நாலு சைக்கிளும். இடையில் கடற்கோட்டை, 1971 கிளர்ச்சிக் காலத்தில் ஜே.வி.பி. கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம் என்று இவர் பிள்ளைகளுக்குச் சொல்ல, மகன் அங்கே சைக்கிள் விடலாமா என்று கேட்டான்.

ஊர்காவற்றுறையில் சோடா குடித்து, தேவாலயப் பக்கம் ஒரு சுற்று, அடுத்த பாதையில் திரும்பினோம். பின்னேரம் திரும்ப ஏற்ற, நேற்று எடுத்ததைவிட நேரம் பிடித்தது. இறக்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஏற்றும்போது ஒருத்தரையும் காணோம்.

ஜூலை 15, செவ்வாய்

உப்புக்காற்று பட்ட செயினை நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு எண்ணெய் விட்டாயிற்று. கொளுவி உருண்டைக்கும் துடைத்துப் புதுக் கிறீஸ்.

அடுத்தது நெடுந்தீவு என்கிறார் இவர். கரவனைக் குறிகட்டுவானோடு நிறுத்திவிட்டு சைக்கிளை மட்டும் படகில் ஏற்றலாம். சோளகம் அடங்கட்டும், பார்ப்போம். அதற்குள் கரவன் தரையில் முன்சில்லைச் செருகுகிற மாதிரி இரண்டு தவாளிக் கம்பி ஒட்டித் தரச்சொல்லித் தம்பியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அச்சுக்கோட்டைச் சோக்கால் நானே கீறிவிட்டேன், அதிலிருந்து ஒரு சாண்கூடப் பின்னுக்குப் போகக்கூடாது என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.