லீன் என்கிறது எரர் கோடு, பிளக்கில் பார்த்தால் கரி

பழைய காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் நம் பக்கம் பெரும்பாலும் ஒரே கதைதான். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவார், திரையில் ஒரு கோடு வரும், அந்த வரியில் ஏதாவது சென்சார் பெயர் தென்பட்டால் போதும், அதை மாற்றிவிடலாம் சார் என்பார். எரர் கோடு கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. இசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், வண்டி ஓடும்போதெல்லாம் தனக்குள் சில சோதனைகளை நடத்திக்கொண்டே இருக்கிறது, எந்தச் சோதனை தேறவில்லையோ அதன் எண்ணைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஏன் தேறவில்லை என்று நாம்தான் தேட வேண்டும், அதற்கு வேண்டிய தகவல் அதே ஸ்கேனரில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

திருச்செங்கோட்டில் இருக்கும் என் மாமாவின் காரையே எடுத்துக்கொள்ளலாம். 2013 மாடல் பெட்ரோல் வண்டி, சின்ன ஹேட்ச்பேக். வந்த கோடு பி0171, அதாவது கலவை லீன், உள்ளே வரும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லை என்று இசியூ நினைக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, கோடை அழித்து, பில் போட்டு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் விளக்கு எரியவில்லை. அப்புறம் போன் வந்தது, "மாப்ளே, அந்த மஞ்ச லைட்டு மறுபடி வந்துருச்சு, போட்ட சென்சாரே டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று.

விளக்கு கொஞ்ச நாள் அணைந்திருந்ததற்கும் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை. கோடை அழித்தால் இசியூ அதுவரை கற்றுவைத்த திருத்தக் கணக்கும் சேர்ந்து அழியும், மறுபடி கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும், அதற்கு மேல் இந்த வகைக் கோடுகள் பலவும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தவறு தெரிந்தால்தான் விளக்கைப் போடும். முதல் ஓட்டத்தில் "பெண்டிங்" என்று ஒதுக்கி வைத்திருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி "சரியாயிடுச்சு" என்பவர்களும் இந்த இடைவெளியில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

அதனால் அழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, வேகம் என்ன, கூலன்ட் சூடு என்ன, லோடு எவ்வளவு என்று ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். மாமா வண்டியில் வேகம் 0, ஆர்பிஎம் 800 சொச்சம், கூலன்ட் 88 டிகிரி. அதாவது சூடான இன்ஜின், நின்றுகொண்டு ஐட்லிங்கில் இருக்கும்போது வந்த புகார். இந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிட்டது, ஏனென்றால் பெட்ரோல் பம்ப் சோர்ந்து போனாலோ ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ பெட்ரோல் பற்றாக்குறை மேட்டில் ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும்தான் தலைகாட்டும், சிக்னலில் நிற்கும்போது அல்ல.

அடுத்தது ஃபியூவல் ட்ரிம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இது புரிந்தால் லீன், ரிச் (பெட்ரோல் அதிகம்) கோடுகளில் பாதிக்கு மேல் பயம் போய்விடும். இசியூவிடம் ஒரு அடிப்படைக் கணக்கு இருக்கும், இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அந்தக் கணக்கின் மேல் சதவீதத்தில் கூட்டிக் குறைக்கும். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டெர்ம், நாள்பட நிலைத்துப் போனது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டினால் பத்துக்குள் இருப்பது சாதாரணம், 25-ஐ ஒட்டிப் போகும்போது பல வண்டிகள் பி0171 போட்டுவிடும். மாமா வண்டியில் ஐட்லிங்கில் கூட்டுத்தொகை 24, 25 என்று நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் மெல்ல இறங்கி 9-க்கு வந்தது.

இந்த இடத்தில் யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே "வேக்கம் லீக்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் காட்டும் வண்டிகளில் பெரும்பாலும் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் இருக்கும், அதைத் தாண்டி ஒரு ஹோஸ் கிழிந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும், ஐட்லிங்கில் லீன் ஆகும், ஆர்பிஎம் ஏற ஏற அது பெரிதாகத் தெரியாது. அங்கே அது சரி. நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார்தான். ஹோஸ் கிழிந்து காற்று உள்ளே போனாலும் அழுத்தம் ஏறுவதை அது பார்த்துவிடும், பெட்ரோலையும் சேர்த்து ஊற்றும், ஆகவே ஐட்லிங் ஆர்பிஎம் ஏறுமே தவிர ட்ரிம் இந்த அளவுக்குப் போவது அபூர்வம். மாமா வண்டியில் ஐட்லிங் ஏறவே இல்லை. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் எந்த வீடியோவையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அப்போதுதான் பிளக்கைக் கழற்றினோம். நாலுமே கரி, மசி பூசினது போல, விரலில் ஒட்டும் வறண்ட கரி. லீனாக ஓடும் இன்ஜினில் பிளக் வெளுத்திருக்க வேண்டும். ஆக, இசியூ பெட்ரோல் போதவில்லை என்கிறது, பிளக் பெட்ரோல் அதிகம் என்கிறது. இதில் யார் பக்கம் சேருவது? நான் எப்போதும் பிளக் பக்கம்தான், அது நெருப்புக்குள் உட்கார்ந்திருப்பது. மைலேஜ் இறங்கிவிட்டது, காலையில் சைலென்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மாமாவும் அதற்கு முன்பே சொல்லியிருந்தார், லீனான வண்டி ஏன் பெட்ரோல் குடிக்க வேண்டும் என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவருமே கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால் ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, பெயரிலேயே இருப்பதுபோல் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், இல்லையென்றால் 0.9 பக்கம் ஏறும், நல்ல வண்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். சென்சாருக்கு முன்னால் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எங்காவது ஓட்டை இருந்தால், புகை வெளியே போவது மட்டும் இல்லை, ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் லீன் என்கிறது, இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது, கூட்டினாலும் ஓட்டை வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கிறது, மேலும் கூட்டுகிறது. ஐட்லிங்கில் துடிப்புகளுக்கு இடைவெளி அதிகம், அதனால் பொய்யும் அதிகம். ஆர்பிஎம் ஏறினால் பொய் குறைகிறது. நாம் பார்த்த ட்ரிம் கணக்கும் அதேதான். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தோம், வோல்டேஜ் 0.8-க்கு மேல் பாய்ந்தது. அதன் மேல் குற்றமில்லை, கழற்றி எறிந்த பழையதன் மேலும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் காலையில், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தால் லேசாக ஒரு டிக் டிக் சத்தம். கொஞ்ச நேரத்தில் உலோகம் சூடாகி விரிந்ததும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது, கசிவு முழுதாக அடைபடவில்லை, அதனால்தான் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் கேட்கவில்லை. வண்டியை மறுபடி ஆறவிட்டு, வீட்டு வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலென்சர் வாயில் துணி சுற்றி வைத்து ஊதினோம், மேனிஃபோல்ட் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். நாலாவது சிலிண்டர் பக்கத்தில் நுரை குமிழ் குமிழாக வந்தது. அந்த இடத்திலேயே, மேனிஃபோல்டும் இன்ஜினும் சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கட் ஓரமாக விசிறி மாதிரி ஒரு கரித் தடமும் இருந்தது, ஹீட் ஷீல்டைக் கழற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துருப்பிடித்து முறிந்திருந்தது. கேஸ்கட் மலிவு, முறிந்த ஸ்டட்டை வெளியே எடுப்பதுதான் கை நோகும் வேலை, அதை லேத்காரர் செய்து கொடுத்தார்.

மாற்றிய பிறகு ட்ரிம் 5, 6 என்று நின்றது. பூஜ்யத்துக்கு ஏன் வரவில்லை என்று மாமா கேட்டார், நியாயமான கேள்வி. இப்போது பங்கில் ஊற்றுவது இ20, அதாவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக்கு எடை வேண்டும், பத்து சதவீத எத்தனால் கலந்தால் அது ஏறக்குறைய 14.1, இருபது கலந்தால் 13.5 பக்கம். அதாவது அதே காற்றுக்கு முன்பிருந்த பத்து சதவீதக் கலவையைவிட அதிகமாக ஊற்ற வேண்டும், பழைய கணக்கு எழுதப்பட்ட இசியூ அந்த வித்தியாசத்தை ட்ரிம்மில் சேர்த்துச் சமாளிக்கிறது. வண்டியில் குறையே இல்லாவிட்டாலும் 4, 5 சதவீதம் இப்படியே போய்விடும். இதை எழுதக் காரணம், முன்பு சின்னக் கசிவு இருந்தும் விளக்கு எரியாமல் ஓடிய பழைய வண்டிகளுக்கு இப்போது வரம்பு நெருங்கிவிட்டது, அவ்வளவுதான், எத்தனால் வந்து சென்சாரைத் தின்றுவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

இதைவிடப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. இந்தியாவில் ஓபிடி, அதாவது வண்டி தன்னையே சோதித்துக் கோடு காட்டும் ஏற்பாடு, கட்டாயமானது பிஎஸ்4 புகை விதியோடு 2010-இல்தான், முழுமையான இரண்டாம் கட்டம் 2013-இல். அதற்கு முந்தைய கார்கள் சிலவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் ப்ளூடூத் டாங்கிளைச் செருகினால் "கனெக்ட் ஆகவில்லை" என்று வரலாம். சாக்கெட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14-ஆம் துளைகளில் உலோகம் இருந்தால் பெரும்பாலும் கேன் என்ற புதிய தகவல் வழி. அவை காலியாக இருந்து 7-இல் மட்டும் இருந்தால் பழைய கே-லைன், மலிவான இஎல்எம்327 நகல் டாங்கிள்கள் பலவற்றுக்கு அது சரியாகப் பேச வராது. காசு கொஞ்சம் கூடப் போட்டு வாங்குங்கள்.

எல்லாக் கோடும் இப்படிச் சுற்றி வளைக்காது. "சர்க்யூட் ஹை", "சர்க்யூட் லோ" என்று முடிவதெல்லாம் பெரும்பாலும் மின்சுற்றுப் புகார், முதலில் கனெக்டருக்கும் வயரிங்குக்கும் போகலாம். பி0118 வந்து, மே மாத வெயிலில் ஸ்கேனர் கூலன்ட் சூடு மைனஸ் 40 என்று காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, நம் ஊரில் அறுத்தவர் பெரும்பாலும் எலியார். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பிளக்குக்கு ஒன்றாக இருக்கும் வண்டியாக இருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான், மாறாவிட்டால் காயிலைத் தொடாமல் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போங்கள். காசு செலவில்லாத சோதனை.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டுச் சிமிட்டினால் மட்டும் ஸ்கேனர் தேடிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டாம். அது எரியாத பெட்ரோல் சைலென்சருக்குள் போய்க் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள், கன்வெர்ட்டர் விலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.