வெள்ளெருக்கு நிற்கும் திருஎருக்கத்தம்புலியூர்

விருத்தாசலத்தில் பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு, ஜெயங்கொண்டம் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் போனால் இராசேந்திரப்பட்டினம். தேவாரம் சொல்லும் திருஎருக்கத்தம்புலியூர் இதுதான். ஞானசம்பந்தரின் பாடல்களுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவரோடு இங்கே வந்த சம்பந்தர், இது அவர் பிறந்த பதி என்று அறிந்து மகிழ்ந்து, உள்ளே போய்ப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். சன்னதியில் நிற்கும்போது அதை நினைத்தாலே கண் கலங்கிவிடுகிறது.

சுவாமி சுவேதார்க்கவனேஸ்வரர், அம்பாள் நீலோற்பலாம்பாள். தலமரம் வெள்ளெருக்கு. ரயில் பாதையோரம், காலி மனை, சுடுகாட்டு மேடு என்று யாரும் நடாமலே முளைக்கிற செடி. வீட்டுக்கு ஆகாது என்று வெட்டிப் போடுவோம். இங்கே அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். எருக்கம்பூவையே கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று புறநானூற்றில் கபிலர் பாடியதற்கு, இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மெழுகில் செய்தாற்போல ஐந்து தடித்த இதழ்கள், நடுவே சின்னக் கிரீடம். இலையில் விபூதி பூசினாற்போல வெண்பொடி படிந்திருக்கும்.

கூட வந்த அம்மாவுக்குக் குதிகால் வலி. வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்ற பெரியம்மா அவர் நடையைப் பார்த்தே கேட்டுவிட்டார். "செங்கல்ல அடுப்புல சுட வச்சு, மேல பழுத்த எருக்கெலயப் போட்டு, குதிகால வச்சு வச்சு எடும்மா. ஆனா கோயில் மரத்துல கை வைக்காத, ரோட்டோரத்துல எவ்வளவோ கெடக்கு." மூட்டு வீக்கத்துக்கு இலையில் நல்லெண்ணெய் தடவி, அனலில் வாட்டிக் கட்டுவதை எங்கள் பாட்டியும் செய்வார். முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் வைத்து, முள்ளை மேலே வரவைப்பதும் கிராமத்துப் பழக்கம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தப் பால் நஞ்சு. கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். இலை பறித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். வேர்ப்பட்டை, பூ எல்லாம் சித்த மருந்துகளில் சேர்கின்றன என்றாலும் முறையாகச் சுத்தி செய்த பிறகுதான். வைத்தியர் கொடுக்காமல் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போனால் நிதானமாகத் தரிசிக்கலாம்.